கரண்டியை எடுத்துக் கிளறிப் பார்த்தவர்

ரமணாசிரமத்துச் சமையற்கட்டுக்கு ஒருமுறை கத்திரிக்காய் நிறைய வந்து சேர்ந்தது. நாள்தோறும் கத்திரிக்காய்க் கறிதான். காம்புகள் மட்டும் ஒரு பெரிய குவியலாகச் சேர்ந்துவிட்டன. அந்தக் காம்புகளையும் கறி பண்ணச் சொன்னார் பகவான் ரமணர். சமையலில் இருந்த சம்பூர்ணம்மாளுக்குத் திகைப்பு. மாடுகூடச் சீண்டாத காம்பை மனிதருக்கு எப்படிப் பரிமாறுவது? ஆனாலும் பகவான் சொன்னது. காய்ந்த பட்டாணியோடு சேர்த்து அடுப்பில் ஏற்றினார்கள். மணிக்கணக்கில் கொதித்தும் காம்பு இளகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற நேரத்தில் பகவானே ஹாலிலிருந்து எழுந்து வந்து, கறி எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். இது கறியா, இரும்பு ஆணியையல்லவா வேகவைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அம்மாள் சிரித்துக்கொண்டே முறையிட்டார். பகவான் பதில் பேசவில்லை. கரண்டியை எடுத்துக் கிளறிப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் காம்பு வெந்து மெத்தென்று ஆகிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இது என்ன காய் என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்றார் பகவான்.

சம்பூர்ணம்மாளே பிற்காலத்தில் சொன்ன நினைவு இது. அடியார்கள் இதை ஓர் அற்புதமாகச் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் நான் குறுக்கிட மாட்டேன். வேலைக்காலம் முழுவதும் பட்டறையில் பையன்களுக்கு லேத்தும் ஃபைலும் பழக்கிக் கொடுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறேன். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது, வேலை பழக்குகிற ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான். அவர் தாமாக அடுப்படிக்கு வந்தார். முதலில் கேட்டது கறியைப் பற்றி. பதிலைக் கேட்டுக்கொண்டு, பாத்திரத்தில் இருப்பதைத் தம் கையால் கிளறிப் பார்த்தார். உனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்ற பேச்சே அங்கே எழவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. பந்தியில் எல்லாரும் கறியையும் சமைத்தவரையும் புகழ்ந்தார்கள். பகவான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தமக்குப் பரிமாறிய கொஞ்சத்தை மருந்துபோல் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, மறுமுறை வேண்டாம் என்றுவிட்டார். அத்தனை பாடுபட்டுச் சமைத்த அம்மாளுக்கு மனம் வாடிப்போயிற்று. மறுநாள் பகவான் இன்னொருவரிடம் அதைப் பற்றிப் பேசினார். நான் சாப்பிடவில்லை என்று சம்பூர்ணத்துக்கு வருத்தம். உண்பவர் யாரானால் என்ன, சமைத்தவர் யாரானால் என்ன, சமையல் நன்றாக அமைந்ததா என்பதுதான் பொருட்டு, அன்போடு ஒரு வேலையை நன்றாகச் செய்தால் அதுவே அதன் பலன் என்ற கருத்தில் அவர் பேச்சு இருந்தது.

இந்த மறுநாள் பேச்சைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பழகுகிற ஒருவரின் முக வாட்டத்தை அவர் கவனித்திருக்கிறார். கவனித்ததை விட்டுவிடவில்லை. அதே சமயம் நீ பெரிய சமையற்காரி என்று ஆறுதல் சொல்லி அந்த வாட்டத்தைத் துடைக்கவும் இல்லை. கவனத்தைச் சமைத்தவரிடமிருந்து எடுத்து மறுபடி சமையலின் மேல் வைத்தார்.

ஹாலில் சோபாவில் சாய்ந்திருந்து, வந்தவர்களையெல்லாம் நான் யார் என்று உள்ளே திரும்பிப் பார்க்கச் சொன்னவர் அவர். அடுக்களையில் அதே மனிதர் எல்லாருடைய கண்ணையும் காயின் மேலும் அடுப்பின் மேலும் நிறுத்தினார். இரண்டும் எதிரெதிர் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் செய்தேன், என்னைப் புகழ்ந்தார்கள், என்னைத் திட்டினார்கள் என்கிற அந்த நானை இளைக்க வைக்கிற காரியத்தைத்தான் இரண்டு இடத்திலும் செய்தார்.

இதையே வேறொரு வழியில் போய்த் தொட்ட இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உண்டு. ஆவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற உளவியலாளர்கள் 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலை செய்கிறவரிடம் அவருடைய வேலை எப்படி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் என்ன ஆகிறது என்பதைப் பல பத்தாண்டுகளாக நடந்த சோதனைகளிலிருந்து திரட்டினார்கள். மொத்தம் 607 அளவீடுகள். சராசரியாகப் பார்த்தால் எடுத்துச் சொல்வது நன்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில், சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட காரணம் எளிமையானது. சொல்கிற சொல் கேட்பவரின் கவனத்தை வேலையின் பக்கம் திருப்பினால் கை தேறுகிறது. தன்னைப் பற்றிய நினைப்பின் பக்கம் திருப்பினால் கை தடுமாறுகிறது. புகழ்ச்சியும் இதில் சேர்த்தி. நீ கெட்டிக்காரன் என்ற சொல்லும் நீ மக்கு என்ற சொல்லும் கேட்பவரை ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன: தன்னைப் பற்றிய யோசனைக்கு.

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள உணவகங்களில் போய் உட்கார்ந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பௌர்ணமிக் கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிற ஊர் இது. கடைகளுக்கு ஆள் போதுவதில்லை. புதுப் பையன்களைப் பிடித்துக்கொண்டுவந்து அன்றைக்கே டேபிளில் விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு கடையில் ஒரு பையன் பொங்கல் கேட்டவருக்குப் பூரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். கல்லாவில் இருந்தவர் இருந்த இடத்திலிருந்தே கத்தினார்: “உனக்கெல்லாம் எவன்டா வேலை குடுத்தான்? ஊர்ல மாடு மேய்க்கத்தான் லாயக்கு.” சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பையன் காபியை மாற்றிக் கொடுத்தான், பில்லை மாற்றி வைத்தான், ஒரு தம்ளரையும் கீழே போட்டான். அவன் காது ஆர்டரில் இல்லை. கல்லாவில் என்ன முகம் இருக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் பக்கத்தில் போய் ஒரு நிமிடம் நின்று இப்படிச் சொல்லியிருக்கலாம்: “தம்பி, மாஸ்டர்கிட்ட போனதும் டேபிள் நம்பரை முதல்ல சொல்லு, அப்புறம் என்ன வேணும்னு சொல்லு. எடுத்துட்டு வரும்போது நம்பரை இன்னொரு தடவை நீயே சொல்லிக்கோ.” அவ்வளவுதான். இதில் திட்டு இல்லை, புகழ் இல்லை. அடுத்த நடையில் அவன் செய்து பார்க்க ஒரு காரியம் இருக்கிறது. பழகுகிறவனிடம் சொல்கிற எந்தச் சொல்லையும் நான் இப்படித்தான் நிறுத்துப் பார்ப்பேன். கேட்டு முடித்ததும் அவன் கையால் செய்ய ஏதாவது இருக்கிறதா? பொறுப்பா இரு, கவனமா செய், அக்கறை வேணும் என்பதையெல்லாம் எந்தக் கையால் செய்வது?

பட்டறையில் எனக்கு லேத் பழக்கிய மேஸ்திரி இதைச் சொல்லாமலே செய்தவர். தண்டின் முகத்தைச் சமன் செய்யும்போது, அதாவது ஃபேசிங் போடும்போது, நடுவில் ஒரு சின்னக் குமிழ் கடையாமல் நின்றுவிடும். டூலின் முனை சென்டர் உயரத்தில் இல்லாவிட்டால் அப்படித்தான் நிற்கும். அவர் என்னைப் பார்க்க மாட்டார். அந்தத் துண்டை எடுத்துக் குமிழை என் கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வார். “என்ன சொல்லுது?” என்பார். டூல் உயரம் சரியில்லை என்று நான் சொல்வதற்குள், அடியில் வைக்கிற தகட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிடுவார். குற்றம் சொன்னது அவர் இல்லை, அந்த இரும்பு. இரும்பின் மேல் யாருக்குக் கோபம் வரும்? பிற்பாடு என்னிடம் அப்ரெண்டிஸாக வந்த பையன்களிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டேன்.

ஆசிரமத்தில் இதற்கு இன்னொரு நீண்ட உதாரணம் உண்டு. 1922-இல் பகவானின் அன்னை அழகம்மாள் மறைந்து, மலையடிவாரத்தில் சமாதி அமைந்த பிறகுதான் அங்கே ஆசிரமம் வளரத் தொடங்கியது. முதலில் எல்லாம் கீற்றுக் கொட்டகை. 1928-இல் அண்ணாமலை சுவாமி என்று பிற்காலத்தில் அறியப்பட்ட இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். கட்டடத் தொழிலை முறையாகப் படித்தவர் அல்லர். பகவான் அவரைத்தான் கட்டட வேலைக்கு மேற்பார்வையாக நிறுத்தினார். இன்றைக்கும் நிற்கிற மாட்டுத் தொழுவம், உணவுக்கூடம், வேத பாடசாலை எல்லாம் அவர் கொத்தனார்களையும் சித்தாட்களையும் வைத்து எழுப்பியவை. அவருடைய நினைவுகளை டேவிட் காட்மன் 1994-இல் நூலாகத் தொகுத்தார்.

அதில் தெரியும் பழக்கம் இது: அன்றன்றைய வேலையை அன்றன்றைக்கே பகவானிடம் போய்ச் சொல்வார் அண்ணாமலை சுவாமி. அடுத்த நாளுக்கு என்ன என்பதைப் பகவான் சொல்வார். கடினமான இடமாக இருந்தால் எப்படிச் செய்வது என்றும் விளக்குவார். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுவார். பகலில் தாமே நடந்து வந்து பார்ப்பார். முழுக் கட்டடத்தையும் தலையில் தூக்கி வைத்து, போய்க் கட்டிக்கொண்டு வா என்று அனுப்பவில்லை. ஒரு நாள் வேலை, அதன் மேல் ஒரு பேச்சு, மறுநாள் வேலை. இப்படியே பத்தாண்டு.

வருஷத்துக்கு ஒருமுறை அப்ரைசல் என்று கூப்பிட்டு உட்காரவைத்து, போன ஆவணியில் நடந்த பிழையை இந்தச் சித்திரையில் எடுத்துச் சொல்கிற வழக்கம் இன்று பெரிய நிறுவனங்களில் இருக்கிறது. என் மகன் வயதுப் பிள்ளைகள் அந்த நாளை நினைத்து முதல் நாள் இரவு தூங்குவதில்லை என்கிறார்கள். பயிற்சியில் இருக்கிற ஒருவருக்கு இது எந்த வகையிலும் உதவாது. கை இன்னும் சூடாக இருக்கும்போது சொன்னால்தான் கை கேட்கும். எட்டு மாதம் கழித்துச் சொன்னால் மனம் மட்டும் கேட்கிறது, கேட்டு நொந்துகொள்கிறது.

பகவானுக்கு இதெல்லாம் முடியும், அவர் மகான், அவர் வாயிலிருந்து வந்ததைப் பிரசாதமாக வாங்கிக்கொள்ள ஆட்கள் காத்திருந்தார்கள், நான் லாட்ஜ் நடத்துகிறவன், என்னிடம் யார் அப்படிக் கேட்பார்கள் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் திருப்பிப் பாருங்கள். ஒரு சொல் சொன்னால் போதும், உலகமே ஓடும் என்ற நிலையில் இருந்தவர் விடியுமுன் அடுக்களைக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கினார். தரையில் சிந்திய அரிசியைத் தாமே பொறுக்கினார். சிந்தாதே என்று ஊருக்கு உபதேசம் செய்வதைவிட அது நன்றாகக் காதில் விழுந்தது. அவ்வளவு அதிகாரம் இருந்தவரே பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டியிருந்தது என்றால், சம்பளம் மட்டுமே அதிகாரமாக இருக்கிற நமக்கு அந்த வேலை இன்னும் அதிகம்தானே?

அந்த லாட்ஜ்காரரின் சிக்கல் உண்மையில் வேறு. அறைகளைச் சுத்தம் செய்யச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்கள் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களைப் பழக்குகிற சூப்பர்வைசர் ஓட்டல் படிப்பு முடித்த சின்னப் பையன். மூத்தவரை இளையவர் திருத்துவது நம் ஊரில் லேசான காரியம் இல்லை. அவன் ஆரம்பத்தில், தனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி ஒரு பாராட்டு என்று சொல்லிப் பார்த்தான். இரண்டு நாளில் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் பாராட்ட வாயைத் திறந்தாலே ஏதோ குறை வரப்போகிறது என்று முகம் இறுகிவிடும். பாராட்டின் மேலிருந்த நம்பிக்கையும் போயிற்று. இப்போது அவன் செய்வது எளிது. “அக்கா, இந்த மூலையை மட்டும் என்னோட சேர்ந்து பிடிங்க” என்று போர்வையின் இன்னொரு முனையைத் தான் பிடித்துக்கொள்கிறான். மெத்தைக்கடியில் எப்படி மடித்துச் செருகுவது என்பது இரண்டு பேர் கையாலும் நடக்கிறது. அடுத்த மெத்தையை அந்த அக்கா தனியே செய்கிறார். அவன் நின்று பார்க்கிறான். சரியாக இருந்தால், “இந்த மடிப்பு நல்லா நிக்குது” என்கிறான். மடிப்பைத்தான் சொல்கிறான்.

பாராட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பாராட்டினால் தலைக்கேறிவிடும் என்று வாயை இறுக்கி வைத்திருக்கிற முதலாளிமார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது வேறொரு கொடுமை. சரியாக அமைந்ததைச் சரி என்று சொல்லாவிட்டால், பழகுகிறவருக்கு எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே தெரியாது. நல்லாயிருந்த பாகத்தையும் சேர்த்து மாற்றிவிடுவார். இந்த மூட்டு சரி, இந்த மடிப்பு சரி, இன்றைக்குப் பொங்கலில் மிளகு அளவாக இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு வேண்டிய செய்தி. அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது ஒருவகைக் கஞ்சத்தனம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அனுபவமில்லாத ஆட்களை அவசரமாகத் தொழிற்சாலை வேலைக்குத் தயார் செய்ய வேண்டி வந்தது. 1940 முதல் 1945 வரை நடந்த அந்தப் பயிற்சித் திட்டத்தில் மேற்பார்வையாளர்களுக்கு நான்கு படிகளைப் பழக்கினார்கள். பழகுகிறவரை முதலில் தயார் செய்வது, வேலையைக் காட்டிக் கொடுப்பது, அவரையே செய்ய வைப்பது, பிறகு திரும்பப் போய்ப் பார்ப்பது. தொழிலாளி கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய அடிப்படை. போருக்குப் பின் இந்த முறை ஜப்பானுக்குப் போயிற்று; டொயோட்டா போன்ற நிறுவனங்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டன. நம் இடங்களில் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறோம். காட்டியாகிவிட்டது, இனி அவர் பாடு என்று போய்விடுகிறோம். நான்காவது படிதான் பெரும்பாலும் விடுபடுவது. அடுத்த நாள் போய், நேற்றுச் சொன்னது எப்படி இருக்கிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. சொன்னதோடு விட்டால் அது குறை சொன்னதாக மட்டுமே அவர் மனதில் தங்கும். திரும்ப வந்து பார்த்தால்தான் அவர் தேறவேண்டும் என்று நினைத்துச் சொன்னோம் என்பது அவருக்குப் புரியும்.

திரும்பப் போய்ப் பார்க்கும்போது இன்னொன்றும் நடக்கும். பழகுகிறவர் நமக்குச் சொல்ல ஆரம்பிப்பார். நீங்கள் காட்டிய வழியைவிட இப்படிச் செய்தால் சீக்கிரம் முடிகிறது என்பார். நீங்கள் வேகமாகப் பேசியதால் நடுவில் ஒன்று புரியவில்லை என்பார். இதைக் கேட்டுக்கொள்ள முடியாதவர் பழக்கவே வரக்கூடாது என்பது என் கருத்து. நன்னூலில் பவணந்தியார் நல்லாசிரியருக்கு நிறைகோலை உவமையாக வைத்தார். தராசில் இரண்டு தட்டு உண்டு.

ஆசிரமத்திலேயே இதற்கும் சான்று இருக்கிறது. புலவர் முருகனார் தாம் கேட்ட உபதேசங்களை வெண்பாக்களாக எழுதிப் பகவானிடம் காட்டுவார். பகவான் படித்துத் திருத்துவார். சில இடங்களில் தாமே ஒரு பாட்டை எழுதிச் சேர்ப்பார். அந்தத் தொகுப்பே குருவாசகக் கோவை. இது ஆசிரியர் மாணவருக்குச் செய்தது. 1928-இல் உள்ளது நாற்பது உருவானபோது அது எதிர்ப்பக்கமாக நடந்தது. பகவான் பல சமயங்களில் எழுதிய தனிப்பாடல்களை முருகனார் ஒன்றுதிரட்டி, நாற்பது பாட்டாக ஒரு நூல் வேண்டும் என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இது நூலின் போக்குக்குப் பொருந்தவில்லை என்று முருகனார் எடுத்துச் சொல்லச் சொல்ல, முன்பு எழுதியவற்றில் பெரும்பாலானவை விலகின. அந்த இடங்களுக்குப் பகவான் புதிதாக எழுதிக் கொடுத்தார். குரு எழுதிய பாட்டைப் பார்த்து இது இங்கே நிற்காது என்று சீடர் சொல்கிறார். சரி என்று குரு வேறு எழுதுகிறார். ஜூலையில் தொடங்கிய அந்த வேலை மூன்று வாரத்தில், ஆகஸ்ட் மாதம், முடிந்தது. விலக்கிய பாடல்களை அவர்கள் தூக்கி எறியவும் இல்லை. உள்ளது நாற்பது அநுபந்தம் என்று அவை தனியே சேர்ந்து நிற்கின்றன; ஆசிரமப் புத்தகக் கடையில் இரண்டையும் வாங்கலாம்.